ஓஎல்இடி திரையில் அடைபட்ட ஒளியை வெளிக்கொணர்வது எப்படி

மின்சாரத்தை ஒளியாக மாற்றும் வேலையை இன்றைய ஒளிர்பொருள்களில் சிறந்தவை ஏறத்தாழக் குறையின்றிச் செய்கின்றன. இரிடியம் சேர்மங்கள் போன்ற பாஸ்பரொளிர் பொருள்களில், ஒன்றுசேரும் எலக்ட்ரான்–துளை (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டமாக நடந்துகொள்ளும் வெற்றிடம்) இணை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு ஃபோட்டானைத் தந்துவிடுகிறது. ஆனால் தட்டையான கண்ணாடியின் மேல் வழக்கமான முறையில் கட்டிய ஓஎல்இடியிலிருந்து (கரிமப் படலங்களால் ஆன ஒளி உமிழ் டையோடு) அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்குதான் காற்றுக்கு வந்து சேர்கிறது. மீதி உள்ளேயே அலைந்து உலோகத்தில் வெப்பமாகவோ கண்ணாடி விளிம்பில் கசிவாகவோ வீணாகிறது.

அந்த மீதியை மீட்பதற்கான வழிகள் ஆய்விதழ்களில் நிறையவே கிடைக்கின்றன. அவற்றில் கணிசமானவை விளக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திரைக்கு அப்படியே பொருந்தாதவை. விளக்குக்கு எந்தத் திசையில் எப்படி வெளியேறினாலும் ஒளி ஒளிதான். திரையிலோ ஒரு பிக்சலின் ஒளி பக்கத்துப் பிக்சலின் மேல் வழியக் கூடாது, அணைந்த பிக்சல் வெளிச்சமான அறையிலும் கறுப்பாகவே தெரிய வேண்டும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டு, எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது என்பதை இங்கே பார்ப்போம்.

ஒளி எங்கே தொலைகிறது

ஒரு சாதனத்தின் புறக் குவாண்டம் திறன், அதாவது உள்ளே செலுத்தும் ஓர் எலக்ட்ரானுக்கு வெளியே வரும் ஃபோட்டான்களின் விகிதம், நான்கு காரணிகளின் பெருக்கற்பலன். எலக்ட்ரான்களும் துளைகளும் எவ்வளவு சமமாகச் சந்திக்கின்றன, அச்சந்திப்பில் பிறக்கும் எக்சிட்டான்களில் (பிணைந்த எலக்ட்ரான், துளை இணைகளில்) எத்தனை பங்கு ஒளிரத்தக்க தற்சுழற்சி நிலையில் உள்ளன, அவற்றில் உண்மையிலேயே ஒளிர்பவை எத்தனை, ஒளிர்ந்ததில் வெளியேறுவது எவ்வளவு என்பவையே அந்த நான்கு. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய டாங், வான் ஸ்லைக் இருவரும் 1987இல் வெளியிட்ட ஈரடுக்குச் சாதனத்தின் புறக் குவாண்டம் திறன் ஏறத்தாழ 1 சதவீதம். அன்றைய குறை பெரும்பாலும் முதல் மூன்று காரணிகளில் இருந்தது. பாஸ்பரொளிர் பொருள்கள் வந்த பிறகு பச்சைக்கும் சிவப்புக்கும் நான்காவது காரணியே முதன்மைத் தடையாகிவிட்டது. நீலம் மட்டும் விதிவிலக்கு: வணிகத் திரைகளில் நீலம் நெடுங்காலம் பாஸ்பரொளிராத சாதாரண ஒளிர்பொருளையே நம்பியிருந்ததால், அங்கே பொருளையும் ஒளியியலையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது. மின்னூட்டச் சமநிலை சரியில்லாத சாதனத்தின் மேல் ஒளியியல் கட்டமைப்புகளை ஏற்றுவது விழலுக்கு இறைத்த நீராகவே முடியும் என்பதால், மின்னோட்டத்தை உயர்த்தும்போது திறன் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது காரணியின் அடிப்படை எளிய ஒளியியல். கரிமப் படலங்களின் ஒளிவிலகல் எண் 1.7 முதல் 1.8 வரை, ஐடிஓ எனப்படும் ஒளிபுகும் மின்வாய்க்கு 1.8 முதல் 2.0 வரை, கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. கரிமப் படலத்தின் எண்ணை 1.75 என்று கொண்டால், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 35 பாகைக்குள் கிளம்பும் கதிர்கள் மட்டுமே காற்றை எட்டும். மற்றவை முழு அக எதிரொளிப்பில் சிக்கிவிடும். ஒளிவிலகல் எண்ணின் இருபடியை இரண்டால் பெருக்கி, அதனால் ஒன்றை வகுத்தால் கிடைக்கும் விடை, வெளியேறும் பங்கின் முதல் மதிப்பீடு. 1.75க்கு அது சுமார் 16 சதவீதம். உண்மையான சாதனங்கள் இதைவிடச் சற்று மேலே நிற்பதற்குக் காரணம், உள்ளே நடக்கும் அலைக் குறுக்கீடு ஒளியை நமக்குச் சாதகமான திசையில் கொஞ்சம் திருப்பிவிடுவதே.

சிக்கிய ஒளி மூன்று இடங்களில் கிடக்கிறது. ஒரு பகுதி கண்ணாடிக்குள் நுழைந்தும் காற்றுக்கு வர முடியாமல் விளிம்பை நோக்கி ஓடுகிறது. இன்னொரு பகுதி கரிமப் படலங்களும் ஐடிஓவும் சேர்ந்த மெல்லிய அடுக்கையே அலைநடத்தியாகக் கொண்டு கிடைமட்டமாகச் செல்கிறது. மூன்றாவது பகுதி உலோக எதிர்மின்வாயின் பரப்பிலுள்ள எலக்ட்ரான்களோடு பிணைந்து பரப்புப் பிளாஸ்மானாக மாறி அங்கேயே வெப்பமாகிறது. கண்ணாடித் தளத்தின் வழியே கீழ்நோக்கி ஒளிரும் வகையில் கண்ணாடியில் சிக்குவது பொதுவாக ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை. அலைநடத்தியும் பிளாஸ்மானும் சேர்ந்து பாதியை விழுங்கிவிடுவது சாதாரணம். மேல்நோக்கி ஒளிரும் திரைகளில் கண்ணாடி இழப்பு இல்லை. ஆனால் அங்கே ஒளி ஒரு மெல்லிய உலோகப் படலத்தைத் துளைத்துக்கொண்டு வர வேண்டியிருப்பதால் கணக்கு வேறு விதமாக மாறுகிறது.

முதலில் அளவீடு

ஒளிவெளியேற்றத்தை உயர்த்தியதாகச் சொல்லும் பல எண்கள் அளவீட்டுப் பிழையில் பிறந்தவை. அதனால் இந்தப் பகுதியில் சற்று நேரம் செலவழிப்பதில் தவறில்லை.

முதற்கண், ஓர் ஆம்பியருக்கு எத்தனை கேண்டலா என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. நேர் எதிரே நின்று பார்க்கும் ஒளிர்வைத்தான் அது சொல்கிறது. எதிரொளிப்பு வலுவாக உள்ள அமைப்பு மொத்த ஒளியைக் கூட்டாமலேயே அதை முன்னோக்கிக் குவித்து இந்த எண்ணை உயர்த்திவிடும். எல்லாத் திசைகளிலும் ஒளிர்வு சமம் என்ற லாம்பர்ட் அனுமானத்தை அத்தகைய சாதனத்துக்குப் பயன்படுத்தினால் கிடைக்கும் புறக் குவாண்டம் திறன் பொய்யாகவே இருக்கும். கோணமானியில் 0 முதல் 80 பாகை வரை 5 அல்லது 10 பாகை இடைவெளியில் நிறமாலையைப் பதிவுசெய்து தொகையிட வேண்டும். இல்லையெனில் எல்லாத் திசை ஒளியையும் ஒன்றாகச் சேர்த்து அளக்கும் ஒருங்கிணைப்புக் கோளத்தைப் பயன்படுத்த வேண்டும்.

கோளத்தைப் பயன்படுத்துவோர் கண்ணாடியின் நான்கு விளிம்புகளையும் கறுப்பு நாடாவால் மூடிவிட்டே அளக்க வேண்டும். மூடாமல் அளந்தால், கண்ணாடிக்குள் சிக்கி விளிம்பு வழியே கசியும் ஒளியும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். திரைக்கு ஒரு பயனும் தராத அந்த ஒளியால் சாதனம் திறமையானதாகத் தோன்றும். விளிம்புகளை மூடியும் மூடாமலும் இரு முறை அளந்து வைத்தால், கண்ணாடி இழப்பைப் பற்றி ஒரு முதல் உணர்வும் கிடைத்துவிடும்.

அந்த இழப்பை நேரடியாக அறிய நம்பகமான வழி அரைக்கோளக் கண்ணாடி. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைப் பிக்சலின் மேல், கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணோடு பொருந்தும் எண்ணெய் ஒரு துளி விட்டு, குறைந்தது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளத்தின் தட்டைப் பக்கத்தை அதன் மேல் பொருத்த வேண்டும். பிக்சல் கோளத்தின் நடுவில் அமைய வேண்டும், எண்ணெயில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. கண்ணாடிக்குள் நுழைந்த கதிர்கள் இப்போது வளைந்த பரப்பை ஏறத்தாழச் செங்குத்தாகச் சந்திப்பதால் எதிரொளிக்காமல் வெளியேறிவிடுகின்றன. அரைக்கோளத்துடன் கிடைத்த மொத்த ஒளியை அது இல்லாமல் கிடைத்த ஒளியால் வகுத்தால், கண்ணாடியிலிருந்து அதிகபட்சமாக எவ்வளவு மீட்கலாம் என்ற உச்சவரம்பு தெரிந்துவிடும். அந்த விகிதம் 1.2 அளவில்தான் இருக்கிறது என்றால், வெளிப்பரப்பில் எத்தகைய லென்சை ஒட்டினாலும் பெரிய பலன் இராது. இழப்பு உள்ளே, அலைநடத்தியிலும் பிளாஸ்மானிலும் நடக்கிறது என்று பொருள்.

தடிமன்: செலவில்லாத முன்னேற்றம்

புதிய பொருளோ புதிய கருவியோ இல்லாமல் கிடைக்கக்கூடிய முன்னேற்றம் அடுக்குகளின் தடிமனில் ஒளிந்திருக்கிறது. ஒளிரும் மூலக்கூறு உலோக எதிரொளிப்பானுக்கு எதிரே எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, நேரடியாகச் செல்லும் அலையும் எதிரொளித்து வரும் அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்தும் அல்லது அழிக்கும். 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சையையும் 1.75 ஒளிவிலகல் எண்ணையும் எடுத்துக்கொண்டால், கால் அலைநீளத் தொலைவு சுமார் 74 நானோமீட்டர். அலை உலோகத்துக்குள் சிறிதளவு ஊடுருவித் திரும்புவதால் உண்மையான உகந்த தொலைவு இதைவிடக் குறைவாக, பெரும்பாலும் 50 முதல் 60 நானோமீட்டரில் அமையும். இதற்கு மாறாக 30 நானோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஒளிரும் அடுக்கு இருந்தால் ஆற்றலின் பெரும்பகுதியைப் பிளாஸ்மான் பறித்துக்கொள்ளும்.

அரை அலைநீளம், அதாவது ஏறத்தாழ 149 நானோமீட்டர், கூடுதலாக விலகிச் சென்றால் இரண்டாவது உச்சம் வரும். அங்கே பிளாஸ்மான் இழப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குப் பதிலாக அலைநடத்தியிலும் கண்ணாடியிலும் சிக்கும் பங்கு கூடும். சிக்கிய ஒளியை வெளிக்கட்டமைப்பால் மீட்கும் திட்டம் இருந்தால் இந்த இரண்டாம் உச்சம் மதிப்புமிக்கது. அத்தகைய திட்டம் இல்லையென்றால் முதல் உச்சமே போதும்.

இதைச் சோதனையில் கண்டறிய, ஒரே கண்ணாடித் தட்டில் ஒரே ஆவியாக்க ஓட்டத்தில் எலக்ட்ரான் கடத்தும் அடுக்கின் தடிமனை மட்டும் மாற்றும்படி மறைப்புத் தகட்டைப் படிப்படியாக நகர்த்தி, 30 முதல் 90 நானோமீட்டர் வரை 10 நானோமீட்டர் இடைவெளியில் பிக்சல்களை உருவாக்க வேண்டும். வெவ்வேறு நாள்களில் செய்த சாதனங்களை ஒப்பிட்டால், வெற்றிட அறையின் அன்றாட மாறுபாடு தடிமனின் விளைவை மறைத்துவிடும். தடிமன் மாறும்போது மின்னழுத்தமும் மின்னூட்டச் சமநிலையும் கூடவே மாறாமல் இருக்க, கடத்தும் அடுக்கில் மின்கடத்தும் தன்மையை உயர்த்தும் மாசு சேர்த்துக்கொள்வது உதவும். படியும் தடிமனை அளக்கும் குவார்ட்ஸ் படிக உணரி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம்: உணரி இருக்கும் இடமும் தட்டு இருக்கும் இடமும் வேறு என்பதால் இரண்டிலும் படியும் அளவு வேறுபடும். தனிப் படலம் ஒன்றைப் படியவைத்து எலிப்சோமெட்ரி முறையில் (எதிரொளித்த ஒளியின் முனைவாக்க மாற்றத்தைக் கொண்டு) அளந்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத் திருத்தக் காரணியைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். 10 சதவீதத் தடிமன் பிழை மின்னியலில் பெரிதாகத் தெரியாது. ஒளியியலில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மேல்நோக்கி ஒளிரும் திரைகளில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையடைகிறது. கீழே வெள்ளியைக் கொண்ட வலுவான எதிரொளிப்பான். மேலே 10 முதல் 15 நானோமீட்டர் தடிமனில் மக்னீசியமும் வெள்ளியும் கலந்த, பாதி ஒளியை விட்டு மீதியைத் திருப்பியனுப்பும் எதிர்மின்வாய். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளி, ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்து அதிரும் மைக்ரோகேவிட்டி ஆகிறது. ஒரு முழுச் சுற்றில் அலை பெறும் கட்ட மாற்றம், உலோகங்களில் ஏற்படும் மாற்றத்தையும் சேர்த்து, முழுச் சுழற்சிகளின் எண்ணிக்கையாக அமைய வேண்டும் என்பதே நிபந்தனை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் அலைநீளம் வேறு என்பதால் மூன்றுக்கும் வேறு வேறு மொத்தத் தடிமன் தேவை. அந்த வேறுபாட்டை, நுண்துளை உலோக மறைப்புத் தகடுகளின் வழியே துளை கடத்தும் அடுக்கின் தடிமனை நிறத்துக்கேற்ப மாற்றி உண்டாக்குகிறார்கள். அந்த எண்ணிக்கை குறைவான முதல் வரிசை அதிர்வு மெல்லிய அடுக்கைக் கேட்கிறது. தூசித் துகள் ஒன்று விழுந்தாலும் குறுஞ்சுற்று ஏற்படும் ஆபத்து அதில் கூடுதல், ஒளிரும் அடுக்கும் உலோகங்களுக்கு அருகிலேயே இருக்க வேண்டியிருக்கும். இரண்டாம் வரிசை தடிமனாகவும் உற்பத்திக்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது. நிறமாலை குறுகி நிறத் தூய்மையும் கூடுகிறது. ஆனால் பார்க்கும் கோணம் சாயச் சாய நிறம் நீலத்தை நோக்கி நகர்வது அதில் பளிச்செனத் தெரியும்.

எதிர்மின்வாயின் மேல் படியவைக்கும் மூடு அடுக்கைப் பலர் வெறும் பாதுகாப்பு உறையாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் மெல்லிய உலோகத்தின் வழியே எவ்வளவு ஒளி கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒளிவிலகல் எண் 1.8க்கு மேற்பட்ட, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சாத கரிமப் பொருளை 60, 70 நானோமீட்டர் அளவில் இட்டுத் தொடங்குவது வழக்கம். இந்த அடுக்கு மின்னோட்டப் பாதைக்கு வெளியே இருப்பதால், மின்னியலைத் தொடாமல் ஒளியியலை மட்டும் மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல இடம் வேறில்லை. மேல்நோக்கி ஒளிரும் சாதனத்தில் வேலையைத் தொடங்குவோர் இந்த ஒரு தடிமனை வரிசையாக மாற்றி, ஒரே மின்னோட்ட அடர்த்தியில் கோண நிறமாலையை எடுத்துவிட்டாலே, தம் கணினி மாதிரி எவ்வளவு நம்பத்தக்கது என்பது புரிந்துவிடும்.

கோண நிறமாற்றத்தை மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாகக் குறைக்க முயல்வதைவிட, மூன்றின் ஒளிர்வும் கோணத்தோடு ஒரே வேகத்தில் குறையும்படி அமைப்பதே நடைமுறைக்கு உகந்தது. பச்சை மட்டும் வேகமாக மங்கினால் சாய்வாகப் பார்க்கும்போது வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். அதைக் கண் உடனே கண்டுபிடிக்கும்.

மூலக்கூறு எப்படிப் படுத்திருக்கிறது

ஒளிரும் மூலக்கூறை ஒரு சிறு மின் இருமுனையாகக் கருதலாம். படலத்துக்குச் செங்குத்தாக நிற்கும் இருமுனையின் ஆற்றல் அலைநடத்திக்கும் பிளாஸ்மானுக்குமே பெரும்பாலும் போகிறது. கிடைமட்டமாகப் படுத்திருப்பதே வெளியே ஒளிர்கிறது. ஒழுங்கின்றிக் கிடக்கும் படலத்தில் கிடைமட்டப் பங்கு மூன்றில் இரண்டு. இதை முக்கால் பங்குக்கு மேல் உயர்த்தும் இரிடியம் சேர்மங்கள் உண்டு. அத்தகைய பொருள்களைக் கொண்டு, எந்த வெளிக்கட்டமைப்பும் இல்லாத தட்டைச் சாதனத்திலேயே 30 சதவீதப் புறக் குவாண்டம் திறனை எட்டியிருக்கிறார்கள். பொருளைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒளிரும் மூலக்கூறுகளைத் தாங்கும் விருந்தோம்பிப் பொருளின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, படியும் வேகம், தட்டின் வெப்பநிலை ஆகியவை மூலக்கூறுகள் எப்படிப் படிகின்றன என்பதை மாற்றக்கூடியவை என்பதால், படிவு நிலைமைகளை மாற்றும்போதெல்லாம் அரை உருளைப் பட்டகத்தின் மேல் கோண ஒளிர்வை அளந்து கிடைமட்டப் பங்கைச் சரிபார்க்க வேண்டும். திரைக்கு இந்த வழியில் பக்கவிளைவே இல்லை: பிக்சல் மங்காது, கறுப்பு வெளிறாது.

லென்சும் சிதறலும்

சிதறல் துகள்கள் கலந்த படலம், நெளிந்த அடுக்குகள், உயர் ஒளிவிலகல் கண்ணாடி ஆகியவை விளக்குகளில் நிரூபணமானவை. 2009இல் உயர் ஒளிவிலகல் கண்ணாடியைப் பயன்படுத்திய வெண்ணிற ஓஎல்இடி ஒன்று குழல் விளக்கின் திறனை எட்டியது. திரையில் இவற்றை அப்படியே ஒட்டினால், சிதறிய ஒளி அடுத்த பிக்சலின் எல்லைக்குள் வெளியேறி எழுத்தின் விளிம்பை மழுங்கடிக்கும். வெளியிலிருந்து விழும் வெளிச்சமும் சிதறித் திரும்பி, கறுப்பைச் சாம்பலாக்கும். ஒழுங்கான இடைவெளியுள்ள நுண்கோடுகளால் ஆன கீற்றணி ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு கோணத்தில் அனுப்புவதால் வானவில் போன்ற கறையும் சேரும்.

லென்சு திரைக்குப் பொருந்த வேண்டுமானால் அது ஒளிரும் அடுக்குக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கண்ணாடியின் மறுபுறத்தில் லென்சை ஒட்டினால், சில பத்து மைக்ரோமீட்டர் அகலமுள்ள பிக்சலின் ஒளி அங்கே சென்று சேர்வதற்குள் பல பிக்சல் தொலைவுக்குப் பரவிவிடும். அதனால்தான் லென்சைப் பிக்சலுக்குள்ளேயே, மைக்ரோமீட்டர் அளவில் அமைக்கிறார்கள். எல்ஜி டிஸ்ப்ளே 2023இல் அறிமுகம் செய்த தொலைக்காட்சித் திரையில் பிக்சல் ஒன்றுக்கு 5,117 மைக்ரோலென்சுகள், 77 அங்குலத் திரை முழுவதற்கும் 4,240 கோடி என்று அந்நிறுவனம் அறிவித்தது. உச்ச ஒளிர்வு 2,100 நிட் (ஒரு சதுர மீட்டருக்குக் கேண்டலா). கைபேசி போன்ற மேல்நோக்கி ஒளிரும் திரைகளில், சாதனத்தைக் காற்றிலிருந்து காக்க உறையிடும் படலத்தின் மேல் பிக்சலின் நடுவோடு நேர்ப்படுத்தி லென்சு அமைக்க வேண்டும். நேர்ப்படுத்தலில் ஓரிரு மைக்ரோமீட்டர் பிசகினாலும் ஒளி ஒரு பக்கம் சாயும். பிக்சலின் கரைச் சுவர்களைச் சாய்வாக்கி எதிரொளிக்கச் செய்து, உள்ளே உயர் ஒளிவிலகல் பொருளை நிரப்பி, பக்கவாட்டில் ஓடும் ஒளியை மேலே திருப்புவது இன்னொரு வழி. பிக்சலின் எல்லைக்குள்ளேயே அது வேலை செய்வதால், நீண்ட கால நோக்கில் திரைக்கு இதுவே பொருத்தமானது என்பது என் கணிப்பு.

வெளியே வந்த பின்னும் பாதி போகிறது

இவ்வளவு பாடுபட்டு வெளிக்கொணர்ந்த ஒளியின் பாதிக்கு மேல் கடைசியில் ஒரே ஒரு படலத்தில் அழிந்துவிடலாம். வெளி வெளிச்சம் உலோக மின்வாயில் பட்டுத் திரும்புவதைத் தடுக்க ஒட்டும் வட்ட முனைவாக்கி, அதாவது போலரைசர், தன் வழியே 45 சதவீதத்தை ஒட்டிய அளவில்தான் ஒளியை விடுகிறது. அதை நீக்கிவிட்டு, உறையிடும் படலத்தின் மேல் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதே நிற வடிகட்டியை இட்டு, பிக்சல்களுக்கு இடைப்பட்ட கரையைக் கறுப்புப் பொருளால் செய்தால், வெளி வெளிச்சம் உறிஞ்சப்படும். பிக்சலின் சொந்த ஒளி பெரும்பாலும் கடந்துவிடும். சாம்சங் 2021இல் மடிக்கும் கைபேசித் திரையில் இதைச் செயல்படுத்தி, ஒளி கடப்பது 33 சதவீதம் கூடியதாகவும் மின்செலவு 25 சதவீதம் வரை குறைந்ததாகவும் அறிவித்தது. லென்சு வடிவமைப்பில் மாதக்கணக்கில் உழைப்பதற்கு முன் இந்தப் படலத்தைப் பற்றி முடிவெடுத்துவிட வேண்டும். ஏனெனில் லென்சின் வளைந்த பரப்பு வெளி ஒளியின் முனைவாக்கத்தைக் குலைத்துப் போலரைசரின் வேலையைக் கெடுக்கக்கூடும்; அதனால் இரண்டையும் தனித்தனியாக உகந்ததாக்க முடியாது.

ஒளிரும் அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தொகுதிகளாக அடுக்கும் டாண்டம் முறையை ஒளிவெளியேற்ற உத்தியாகக் கருதக் கூடாது. அது ஒரே மின்னோட்டத்தில் இருமடங்கு ஒளியைத் தருகிறது, மின்னழுத்தமும் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆகவே ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி பெரிதாக மாறாது. அதன் உண்மையான ஆதாயம் ஆயுள். அதே ஒளிர்வுக்குப் பாதி மின்னோட்டம் போதும் என்பதால் பிக்சல் தேய்வது வெகுவாகக் குறைகிறது. 2024இல் வந்த ஐபேட் புரோ திரை முழுப்பரப்பில் 1,000 நிட் ஒளிர்வைத் தாங்குவது இந்த முறையால்தான். இதைக் கையாளுவோர் இரு ஒளிரும் அடுக்குகளும் அலையின் இரு வேறு உச்சங்களில் அமையும்படி மைக்ரோகேவிட்டிக் கணக்கை மீண்டும் போட வேண்டும். ஒன்று உச்சத்திலும் மற்றொன்று தாழ்விலும் அமைந்தால் இரண்டாவது தொகுதி வெப்பத்தைத்தான் தரும்.

ஏற்பதற்கு முன் சோதனை

ஒவ்வொரு மாற்றத்தையும் அதே ஓட்டத்தில் செய்த மாறாத சாதனத்தோடு, ஒரே மின்னோட்ட அடர்த்தியில் ஒப்பிட வேண்டும். மொத்த ஒளி கூடியதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. 0, 30, 60 பாகைகளில் வெள்ளையின் நிற ஆயங்களைக் குறித்துக்கொண்டு, அணைந்த திரையின் மேல் அறை வெளிச்சம் விழும்போது எதிரொளிப்பு எவ்வளவு என்பதையும் அளக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பச்சைப் பிக்சலை மட்டும் ஏற்றி நுண்ணோக்கியின் கீழ் படமெடுத்து, சுற்றியுள்ள அணைந்த சிவப்பு, நீலப் பிக்சல்களின் இடத்தில் பச்சை ஒளிர்வு எத்தனை சதவீதம் கசிகிறது என்று கணக்கிட வேண்டும். திறனில் கிடைத்த ஆதாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்தக் கசிவு பழைய சாதனத்தைவிடக் கூடியிருந்தால் அந்தக் கட்டமைப்பை விளக்குக்குக் கொடுத்துவிட்டு, திரைக்கு மீண்டும் தடிமனிலிருந்தும் மூடு அடுக்கிலிருந்தும் தொடங்க வேண்டியதுதான்.